எதிரியின் கையில் என்ன மிச்சம்?

என்னிடம் கணினி விளையாட்டின் அரீனா மோதல் பழக வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது எந்த மவுஸ் வாங்குவது என்பதைத்தான். பக்கவாட்டில் பன்னிரண்டு பொத்தான் வைத்த மவுஸ், கடகடவென்று சத்தம் போடும் கீபோர்ட், 240 ஹெர்ட்ஸ் திரை. கைவேகம் கூடினால் வெற்றி தானாக வரும் என்று நம்புகிறார்கள். வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை; அது அவர்களுடைய அப்பாவின் காசு. ஆனால் முதல் வகுப்பில் மவுஸைத் தொட விடமாட்டேன். கடைசியாகத் தோற்ற ஆட்டத்தின் பதிவைப் போடச் சொல்லி, நடுவில் நிறுத்தி, ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "இந்த இடத்தில எதிரியின்ர கையில என்ன மிச்சம் இருக்கு?"

பதில் வராது. தங்களுடைய உயிர்ப்பட்டை எவ்வளவு, எதிரியுடைய உயிர்ப்பட்டை எவ்வளவு என்று சொல்வார்கள். அதுதான் திரையில் பச்சையாகத் தெரிகிறதே. நான் கேட்பது திரையில் தெரியாததை.

எனக்குப் பகலில் வேறு வேலை. மாலையில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் ஆளோடு ஆள் மோதும் பகுதிக்கு, அதாவது பிவிபிக்கு, பயிற்சி கொடுக்கிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் மணிக்கு இவ்வளவு என்று வாங்குவேன். ஒஸ்லோவின் குரூருட்டாலன் பக்கத்து இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளுக்கு இலவசம். டிசம்பரில் இங்கே மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த இருட்டு எங்கள் தொழிலுக்கு நல்ல காலம். ஜூன் வந்தால் இரவு பதினொரு மணிக்கும் வானம் வெளிச்சமாக இருக்கும், ஒரு பிள்ளையையும் பிடிக்க முடியாது.

நான் பிவிபி பழகியது ஒஸ்லோவிலேயே செய்யப்பட்ட ஒரு விளையாட்டில். ஃபன்காம் நிறுவனம் இங்கே 1993இல் தொடங்கியது. ராபர்ட் ஈ. ஹோவர்ட் எழுதிய கோனன் கதைகளின் உலகத்தை வைத்து அவர்கள் செய்த 'ஏஜ் ஆஃப் கோனன்' 2008 மே மாதம் வெளிவந்தது. நம்ம ஊரில் செய்தது என்று வகுப்பில் நோர்வீஜியப் பெடியன்கள் பெருமையடித்துக்கொண்டு வாங்கினார்கள். நானும் வாங்கினேன். அந்த விளையாட்டில் ஏகப்பட்ட குறை இருந்தது. ஆனால் சண்டை பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

மற்ற விளையாட்டுகளில் பொத்தானை அமுக்கினால் வாள் தானாக வீசும். கோனனில் இடம், நடு, வலம் என்று மூன்று திசைக்கும் தனித்தனி வெட்டு. பெரிய அடி வேண்டுமென்றால் அதற்குரிய பொத்தானை அமுக்கிவிட்டு, திரை காட்டுகிற வரிசையில் திசை வெட்டுகளைப் போட்டு முடிக்க வேண்டும். எதிரியைச் சுற்றி மூன்று பக்கமும் சின்ன வில் வடிவத்தில் கேடயக் கோடுகள் தெரியும். கோடு கூடிய பக்கம் வெட்டினால் அடி பாதி வீணாகும். கோடு இல்லாத பக்கம் வெட்டினால் முழுதாக இறங்கும். அவனும் சும்மா நிற்கமாட்டான், கோடுகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே இருப்பான். இதில் எது முக்கியம் என்பது பிவிபி சேவையகத்துக்குப் போன முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். நான் போனது ஃப்யூரி சேவையகம். டோர்டாஜ் தீவில் புதிதாக வந்து இறங்குகிறவர்களை வைட் சாண்ட்ஸ் கடற்கரையில் பதுங்கியிருந்து கொல்வதையே முழுநேர வேலையாக வைத்திருந்த ஒரு கூட்டம் அங்கே இருந்தது. கொல்லப்படுகிறவர்கள் எல்லாரும் தங்கள் உயிர்ப்பட்டையையே பார்த்துக்கொண்டு செத்தார்கள். கொல்கிறவர்கள் பார்த்தது அந்த மூன்று கோடுகளை.

அதோடு மூச்சுப்பட்டை என்று ஒன்று. ஓடினால் குறையும், பக்கவாட்டில் பாய்ந்து விலகினால் குறையும், பெரிய வெட்டு போட்டாலும் குறையும். பயந்து ஓடுகிறவனை உடனே துரத்தி வெட்டத் தேவையில்லை. அவன் ஓடி ஓடி மூச்சைத் தீர்க்கட்டும். நின்று திரும்பும்போது பெரிய வெட்டு போட அவனிடம் ஒன்றும் இருக்காது. இன்னொரு நுணுக்கம்: பெரிய வெட்டின் கடைசி வீச்சு விழும் கணத்தில் எதிரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தோள் எப்படித் திரும்புகிறது, வாள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் பழகினால், எந்த வீச்சு கடைசி வீச்சு என்று தெரிந்துவிடும். அப்போது இரண்டு அடி பின்வாங்கினால் போதும். அவன் மூச்சும் போச்சு, வெட்டும் காற்றில் போச்சு.

அந்த விளையாட்டு வந்த புதிதில் நடந்த ஒரு கூத்தை இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பெண் பாத்திரம் வைத்து ஆடியவர்கள், தங்கள் அடி குறைவாக விழுகிறது என்று முறையிட்டார்கள். ஆடத் தெரியாதவர்களின் சாக்கு என்று பலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்தார்கள். பெண் பாத்திரங்கள் வாள் வீசும் அசைவு ஆண் பாத்திரங்களைவிட மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நேரத்தில் குறைவான வெட்டு, அதனால் குறைவான சேதம். ஃபன்காம் ஒத்துக்கொண்டு திருத்தியது. தோல்விக்குக் காரணம் தேடுகிறவர்கள் எல்லாரும் சாக்குச் சொல்கிறவர்கள் இல்லை. அளந்து காட்டினால் அது காரணம், அளக்காமல் புலம்பினால் சாக்கு. என் வகுப்பில் "அவன்ர கிளாஸ் ஓவர்பவர் அண்ணா" என்று ஆரம்பிக்கிற பிள்ளையிடம், "எவ்வளவு அடிச்சான், எத்தனை விநாடியில?" என்று கேட்பேன். பதிவை ஓட்டி எண்ணிக்கொண்டு வருவான். சில நேரம் அவன் சொன்னது சரியாகவே இருக்கும்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் அரீனா 2007இல் 'பர்னிங் குருசேட்' தொகுப்போடு வந்தது. இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, ஐந்துக்கு ஐந்து. வெல்ல வெல்ல மதிப்பெண் ஏறும், தோற்றால் இறங்கும். சதுரங்கத்தில் ஆர்பாட் எலோ வகுத்து, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இலிருந்து வைத்திருக்கிறதே, அந்த முறையின் வழியில் வந்த கணக்குத்தான் இது. ஆரம்ப சீசன்களில் 'கிளாடியேட்டர்' பட்டம் உச்சியில் இருந்த அரை சதவீதத்துக்கு மட்டும் கிடைத்தது. அந்த அரை சதவீதத்தின் ஆட்டத்தைப் பார்த்தால் விரல்கள் பறக்கும் என்று எதிர்பார்ப்போம். உண்மையில் அவ்வளவு அமைதியாக ஆடுவார்கள். ஒரு திறனைப் போட்டதும் அடுத்ததைப் போடப் பெரும்பாலான பாத்திர வகைகளுக்கு ஒன்றரை விநாடி ஆகும், ரோக் என்ற வகைக்கு ஒரு விநாடி. அதற்கு மேல் வேகமான விரலுக்கு அங்கே வேலையே இல்லை. அந்த ஒன்றரை விநாடியில் யோசிக்கிறவன் வெல்கிறான்.

என்ன யோசிக்கிறான்? கணக்குத்தான். ஒவ்வொரு பாத்திரத்திடமும் பெரிய தற்காப்புகள் இரண்டு மூன்று இருக்கும், பெரிய தாக்குதல் ஒன்றிரண்டு இருக்கும். ஒருமுறை போட்டால் மறுபடி வர நேரம் ஆகும். இதைத்தான் கூல்டவுன் என்கிறோம். கட்டிப்போட்டால் உடைத்துக்கொண்டு வெளியே வர எல்லாரிடமும் ஒரு பதக்கம் உண்டு, அதற்குப் பெரும்பாலும் இரண்டு நிமிடம். பாலடின் என்ற பாத்திரம் தன்னைச் சுற்றிக் குமிழி போட்டுக்கொண்டால் எந்த அடியும் படாது, ஆனால் அது மறுபடி வர ஐந்து நிமிடம். எதிரணியில் மற்றவர்களைக் குணப்படுத்தும் ஹீலர் பதக்கத்தை எப்போது போட்டான் என்று உனக்குத் தெரிந்தால், அது திரும்பி வருவதற்குள் அவனைக் கட்டிப்போட்டால் அவன் கட்டுண்டே கிடப்பான். அந்த நேரத்தில் உன் அணியின் பெரிய அடி எல்லாம் விழ வேண்டும். தெரியாவிட்டால்? பெரிய அடியைப் போடுவாய், அவன் பதக்கத்தைப் போட்டு எழும்பி நண்பனைக் காப்பாற்றுவான், உன் பெட்டி காலி. பிள்ளைகள் தோற்கிற ஆட்டங்களில் பாதி இப்படித்தான் முடிகிறது. உயிர்ப்பட்டை இறங்குவது கடைசியில் வருகிற செய்தி, ஆட்டம் ஒரு நிமிடத்துக்கு முன்பே தீர்ந்திருக்கும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொடுக்கத் திரை உதவிகள் உண்டு. பயன்படுத்தட்டும். ஆனால் பயிற்சியின் முதல் மாதம் நான் அவற்றை மூடச் சொல்லிவிடுவேன். வாயால் சொல்ல வேண்டும். "பதக்கம் போட்டான்", "சுவர் போட்டான்", "ஸ்டன் போட்டான்" என்று ஆடிக்கொண்டே சத்தமாகச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னது மண்டையில் நிற்கிறது. பக்கத்து அறையில் படுத்திருக்கும் பாட்டிக்கு எரிச்சல் வரும். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

கட்டிப்போடுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே வகைக் கட்டை ஒருவன் மேல் அடுத்தடுத்துப் போட்டால் முதல் தடவை முழு நேரம், இரண்டாம் தடவை பாதி, மூன்றாம் தடவை கால், அதற்குப் பிறகு பலிக்காது. நான் பழகிய காலத்து விதி இது. சுமார் பதினெட்டு விநாடி சும்மா விட்டால் மறுபடி முழுசாகும். ஆகவே மூன்று பேர் கொண்ட அணியில் ஒருவன் ஆர்வக்கோளாறில் ஒரு ஸ்டன்னை, அதாவது அசையவிடாமல் நிறுத்தும் கட்டை, வீணாகப் போட்டால், அவன் தன் சொத்தை மட்டும் செலவழிக்கவில்லை, கூட்டாளியின் ஸ்டன்னையும் பாதியாக்கிவிட்டான். நல்ல அணிகள் சண்டை நேரத்தில் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான். யார் முதலில், யார் அடுத்து.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் பொய் மந்திரம். மந்திரம் சொல்கிறவனைக் குறுக்கே வெட்டி நிறுத்தப் பெரும்பாலான பாத்திரங்களிடம் ஒரு திறன் உண்டு. ரோக்குக்கு அது உதை. சரியான நேரத்தில் உதைத்தால் சில விநாடிகளுக்கு அந்த வகை மந்திரம் எதையும் சொல்ல முடியாது. ஹீலருக்கு அது மரண அடி. ஆகவே தேர்ந்த ஹீலர் மந்திரத்தைத் தொடங்குவான், பட்டை பாதி தூரம் ஓடும், சட்டென்று அசைந்து நிறுத்திவிடுவான். உதைக்கிறவன் ஏமாந்து காற்றை உதைப்பான். இனி கொஞ்ச நேரத்துக்கு அவனிடம் உதை இல்லை. ஹீலர் நிம்மதியாகக் குணப்படுத்துவான். இதைக் கற்பிக்க நான் எதிரெதிராக இரண்டு பேரை நிறுத்துவேன். ஒருவன் மந்திரம் சொல்ல வேண்டும், மற்றவன் உதைக்க வேண்டும், வேறு எந்தத் திறனும் கூடாது. அரை மணி நேரத்தில் இருவரும் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஏனென்றால் அங்கே வார்கிராஃப்டே மறைந்துவிடும். இரண்டு பேர் ஒருவரையொருவர் படிக்கிறார்கள். இவன் எப்போதும் பட்டையின் கடைசியில்தான் உதைப்பான், அவன் இரண்டு பொய்க்குப் பிறகு எப்போதும் உண்மை சொல்வான் என்று பழக்கங்கள் வெளியே வரும். பழக்கம் தெரிந்த பிறகு வேகம் எதற்கு?

யாழ்ப்பாணத்தில் என் சித்தப்பா மகன் ஒருவன் ஐரோப்பிய சேவையகத்தில் ஆடுகிறான். அவனுக்கு இந்தப் பாடத்தை நேர்மாறாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். மேற்கு ஐரோப்பா அங்கிருந்து நேர்கோட்டிலேயே எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய்வர 80 மில்லிவிநாடிக்குக் குறைய இயற்கையே விடாது. கேபிள் சுற்றி வருவதால் அவனுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. மனிதன் ஒன்றைக் கண்டு விரலை அசைக்கவே கால் விநாடி வேண்டும். இரண்டையும் கூட்டினால், ஒஸ்லோவில் இருக்கும் பெடியன் பார்த்து உதைக்கிற மந்திரத்தை அவன் பார்த்து உதைக்க முடியாது. ஊகித்துத்தான் உதைக்க வேண்டும். ஆகவே எதிரியின் உயிர் எந்த அளவுக்கு இறங்கினால் ஹீலர் பதறிப்போய்ப் பெரிய மந்திரத்தைத் தொடங்குவான் என்று முன்கூட்டிக் கணக்குப் போட்டு ஆடுகிறான். இன்னொன்று, ஒரு திறன் முடியுமுன் அடுத்ததை அமுக்கினால் விளையாட்டு அதை வரிசையில் வைத்துக்கொள்ளும். அந்த வரிசை நேரம் இயல்பாக 400 மில்லிவிநாடி. என்னைப் போலக் கிட்ட இருக்கிறவர்கள் அதைக் குறைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் மனம் மாறிய பிறகும் பழைய திறன் போய்விடும். அவனை அதில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அவனுடைய ஊகம் இப்போது என்னுடைய பல மாணவர்களுடையதைவிடக் கூர்மை. நல்ல இணைப்பு கிடைத்தவர்கள் சோம்பேறிகளாகிவிடுகிறார்கள் என்பது என் கட்சி.

இடம் பிடிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், பதிவைப் பார்க்காமல் அது விளங்காது. நாக்ராண்ட் அரீனாவில் நான்கு தூண்கள், பிளேட்ஸ் எட்ஜில் ஒரு பாலம். பார்வைக் கோடு மறைந்தால் மந்திரம் போகாது. உன் ஹீலருக்கும் உனக்கும் நடுவில் தூண் வராமல், எதிரிக்கும் அவன் ஹீலருக்கும் நடுவில் தூண் வருகிற மாதிரி நில். பட்டனைத் திரையில் தேடித்தேடிச் சொடுக்குகிறவர்கள் முதலில் விசைப்பலகைக்கு மாறட்டும், அதற்கு ஒரு வாரம் போதும். உடுப்பு, ஆயுதம் பற்றிக் கேட்காதீர்கள், அதை யாரும் இரண்டு நாளில் சேர்த்துவிடலாம்.

எளிதில் வராதது தோல்விக்குப் பிறகான அடுத்த ஆட்டம். தோற்ற கோபத்தில் உடனே அடுத்ததைத் தொடங்கி, அதிலும் தோற்று, மதிப்பெண் சரிந்து, விடியற்காலையில் கூட்டாளியைத் திட்டிவிட்டுப் படுப்பது. ஆட்டக்காரர்கள் 'டில்ட்' என்பார்கள். சதுரங்கத்திலும் இது உண்டு. 2013 நவம்பரில் சென்னையில் நோர்வேயின் கார்ல்சன் நம்ம ஆனந்திடமிருந்து உலகச் சதுரங்கப் பட்டத்தைப் பறித்தபோது, ஒஸ்லோத் தமிழ் வீடுகளில் அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2025 ஜூன் 1 அன்று ஸ்தவாங்கரில், வெல்லவேண்டிய ஆட்டத்தைச் சென்னைப் பையன் குகேஷிடம் விட்ட கார்ல்சன் மேசையில் ஓங்கிக் குத்தினாரே, அந்தக் காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். காய்கள் துள்ளின. நான் அதை வகுப்பில் போட்டுக்காட்டுவது மேசைக் குத்துக்காக இல்லை. குத்திய அதே கணத்தில் எதிரில் இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்கிறார். அந்தத் தொடரைக் கடைசியில் வென்றதும் அவர்தான். என் மாணவர்களுக்கு விதி: தொடர்ந்து இரண்டு தோற்றால் எழும்பி வெளியே நடக்க வேண்டும், குளிர் எவ்வளவு இருந்தாலும். கீபோர்டைக் குத்தினால் புதியது வாங்கித்தர நான் ஆள் இல்லை.

நோர்வேயில் இதையெல்லாம் பள்ளிக்கூடமே எடுத்துக்கொண்டுவிட்டது. பெர்கனில் உள்ள கார்னஸ் உயர்நிலைப் பள்ளி 2016இல் மின்விளையாட்டை ஒரு பாடமாக வைத்தது; அதில் உடற்பயிற்சியும் சேர்த்தி. ஈஸ்டர் விடுமுறையில் நாடே மலைக் குடிசைக்குப் போய்த் தோடம்பழமும் சாக்லேட்டும் தின்னும். அதே நாட்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தங்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு ஹாமார் நகரத்துக்குப் போவார்கள், 1994 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டிய ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கில் நடக்கும் 'தி கேதரிங்' கூடலுக்கு. அது 1992இலிருந்து நடக்கிறது. திரையில் உன்னைக் கொன்றவன் மூன்று மேசை தள்ளி நூடுல்ஸ் தின்றுகொண்டிருப்பான். போய்க் கேட்கலாம், எப்படித் தெரியும் என் பதக்கம் போய்விட்டது என்று. சொல்லித்தருவான். நான் பார்த்தவரை, இந்தத் தொழிலில் திறமைசாலிகள் ரகசியம் காப்பதில்லை.

எங்கள் வீடுகளில் நிலைமை வேறு. ரொம்மனில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்துக்குப் பிள்ளையை வார இறுதியில் கொண்டுபோய் விடுகிற ஒரு அம்மா என்னைப் பிடித்துக் கேட்டார்.

"தம்பி, இவன் இரவிரவா ஆரோட சண்டை பிடிக்கிறான்?"

"ஆளோட இல்லை அக்கா, அரீனா."

"அப்ப ஆளில்லாமலே அந்தக் கத்துக் கத்திறான்?"

சொன்ன பதில் எனக்கே சரியாகப்படவில்லை. ஆளோடுதானே சண்டை. அந்தப் பக்கம் போலந்திலோ ஸ்பெயினிலோ ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. ஒஸ்லோவைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞரைப் பற்றிய 'இபெலின்' படம் 2024இல் வந்த பிறகு இதை விளக்குவது கொஞ்சம் சுலபமாயிற்று. தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருந்த அவர் இதே வார்கிராஃப்டில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தார். 2014இல் இருபத்தைந்து வயதில் இறந்த பிறகுதான், அங்கே அவருக்கு எத்தனை நண்பர்கள் இருந்தார்கள் என்று பெற்றோருக்குத் தெரிந்தது. படத்தைப் பார்த்துவிட்டு அந்த அக்கா மகனின் அணியில் யார் யார் என்று பெயர் கேட்டு வைத்திருக்கிறார். கத்துவது குறையவில்லை என்கிறார்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நேரக் கட்டுப்பாடு வையுங்கள், நானும் வைக்கிறேன். பள்ளி நாளில் பத்து மணிக்கு மேல் என் வகுப்பு கிடையாது. ஆனால் மூன்றுக்கு மூன்று ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வைஃபையை நிறுத்தாதீர்கள். ஓர் ஆட்டம் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நடுவில் நிறுத்தினால் உங்கள் பிள்ளையோடு சேர்ந்து ஒரு பாவமும் அறியாத இன்னும் இரண்டு பிள்ளைகளின் மதிப்பெண்ணும் இறங்கும். கதவைத் தட்டி, "இது முடிய எழும்பு" என்று சொல்லுங்கள், எழும்புவார்கள்.